தமிழ் மின்னாவணங்கள்: ஆக்கமும் செயலாக்கமும் பேணலும்



மின்னிலக்க ஆவணங்களை உருவாக்குதல், அவற்றைச் செயலாக்குதல், முறையாகப் பேணுதல் ஆகிய மூன்றும் இன்று உலகெங்கும் தனித்தனி ஆய்வுத் துறைகளாக வளர்ந்துள்ளன. அத்துறைகளின் கோட்பாடுகள் அனைத்தையும் விரித்துரைப்பது இவ்வுரையின் நோக்கமன்று. அவற்றைத் தமிழின்மேல் பொருத்திப் பார்க்கும்போது தெரியவரும் ஓர் உண்மையை உங்கள்முன் வைக்கவே வந்திருக்கிறோம்.

1887ஆம் ஆண்டு சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' என்னும் வார இதழ் வெளிவரத் தொடங்கியது. அவ்விதழ்களுள் எஞ்சியவற்றை இன்று ஒரு மாணவர் கையில் கொடுத்தால், சொற்கள் சில புரியாமற் போகலாம். எழுத்துகளை அவர் தடையின்றிப் படித்துவிடுவார். ஆனால், 1995ஆம் ஆண்டு கணினியில் தட்டச்சு செய்யப்பட்ட ஒரு தமிழ்க் கோப்பை அதே மாணவரிடம் கொடுத்தால், பெரும்பாலும் ஓர் எழுத்தைக்கூட அவரால் படிக்க இயலாது. அதைவிட நூறாண்டு மூத்த தாள் வாய்திறந்து பேசுகிறது. முப்பதாண்டு வயதுடைய கோப்போ ஊமையாகக் கிடக்கிறது. இந்நிலை எவ்வாறு நேர்ந்தது? இனி நாம் எழுதுவனவற்றுக்கும் இந்நிலை நேராதிருக்க என்ன செய்யவேண்டும்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்போம்.

ஒரு பெட்டியின் கதை

சில ஆண்டுகளுக்கு முன், மறைந்த தமிழாசிரியர் ஒருவரின் மகள் எங்களிடம் ஒரு சிறு பெட்டியைக் கொண்டுவந்தார். அதனுள் மூன்றரை அங்குல நெகிழ்வட்டுகள் ஏழு இருந்தன. "பள்ளி ஆண்டு விழாக்களுக்கு அப்பா எழுதிய நாடகங்கள் இவற்றில்தான் உள்ளன. அச்சுப்படி எதுவும் எங்களிடம் இல்லை. இவற்றைத் திறந்து தர இயலுமா?" என்று அவர் கேட்டார்.

முதற்கண், நெகிழ்வட்டுகளைப் படிக்கும் கருவியைத் தேடவேண்டியிருந்தது. இன்றைய கணினிகளில் அது இல்லை. தனியே இணைக்கத்தக்க ஒரு கருவியைப் பெற்று முயன்றபோது, ஏழு வட்டுகளுள் இரண்டு எவ்வளவு முயன்றும் படிபடவில்லை. மற்ற ஐந்தில் கோப்புகள் இருந்தன. திறந்தோம். திரை முழுவதும் ஆங்கில எழுத்துகளும், ஐரோப்பிய மொழிகளின் புள்ளியிட்ட எழுத்துகளும், நாணயக் குறிகளும் பொருளின்றி நிரம்பி நின்றன. ஆசிரியர் எழுதிய தமிழ் முழுவதும் அங்கேதான் இருந்தது. ஆயினும் அதைத் தமிழாகக் காட்டும் எழுத்துரு எங்களிடம் இல்லை. அவ்வெழுத்துருவை விற்ற நிறுவனமும் இப்போது இல்லை.

பின்னர், வீட்டில் மீண்டும் தேடியபோது ஒரு நாடகத்தின் முதற்பக்கம் மட்டும் அச்சுத்தாளாகக் கிடைத்தது. அந்த ஒரு தாளே திறவுகோலாயிற்று. தாளில் உள்ள எழுத்துகளையும் கோப்பில் உள்ள குறிகளையும் ஒன்றன்பக்கம் ஒன்றாக வைத்து, எந்தக் குறி எந்தத் தமிழ் வடிவத்திற்கு உரியது என்று பட்டியலிட்டோம். பல வாரங்கள் கழிந்து, நான்கு நாடகங்கள் தமிழாக மீண்டன. படிபடாத இரண்டு வட்டுகளில் என்ன இருந்தன என்பது எவருக்கும் தெரியாது.

இதில் எவரையும் குறைகூற நாங்கள் விரும்பவில்லை. அந்த ஆசிரியர் தம் காலத்தில் முன்னோடியாகத் திகழ்ந்தவர்; கணினியைக் கண்டு பிறர் அஞ்சிய நாளில் அதில் தமிழ் எழுதியவர். அவர் செய்யாமல் விட்டது எதுவும் அன்று எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இன்று நமக்குத் தெரியும். ஆகவே நம் பொறுப்பு அவருடையதைவிடப் பெரிது.

காணும் எழுத்தும் கணினி அறியும் எழுத்தும்

கணினிக்கு எழுத்துத் தெரியாது. எண்கள் மட்டுமே தெரியும். 'அ' என்று நாம் தட்டும்போது அதற்குரிய ஓர் எண்ணைக் கணினி பதிந்துகொள்கிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்னும் உடன்பாட்டைக் குறியேற்றம் என்கிறோம். அந்த எண்ணைக் கண்டதும் திரையில் எந்த வடிவத்தை வரைவது என்று சொல்வது எழுத்துரு. குறியேற்றம் பொதுவாக இருக்குமானால் எழுத்துரு மாறினும் செய்தி மாறாது. குறியேற்றமே எழுத்துருவுக்கு எழுத்துரு மாறுபடுமானால், எழுத்துரு தொலைந்த அன்றே செய்தியும் தொலைந்துபோகும்.

தொடக்கக் காலத்தில் தமிழுக்கு நேர்ந்தது இரண்டாவது நிலை. அன்றைய எழுத்துருக்களில் மொத்தம் 256 இடங்களே இருந்தன. அவற்றுள் முதற்பாதி ஆங்கிலத்திற்கும் அடிப்படைக் குறிகளுக்கும் உரியது. எஞ்சிய இடங்களிலோ, ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயோ தமிழ் வடிவங்களைப் பொருத்திக்கொண்டனர். ஒவ்வோர் உருவாக்குநரும் தமக்கு உகந்த வரிசையில் பொருத்தியதால், ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க அதே எழுத்துரு தேவைப்பட்டது.

இக்குழப்பத்தைத் தீர்ப்பதில் நம் இரு நாடுகளுக்கும் சிறப்பான பங்குண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் பள்ளிகளிலும் ஊடகங்களிலும் தமிழ்க் கணிமையைப் பரப்பியது. சிங்கப்பூரில் எழுத்தாளரும் கல்வியாளருமான நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழை ஏற்றும் பணியில் முன்னோடியாக விளங்கினார். 1997இல் இங்கு நடைபெற்ற தமிழ் இணைய மாநாடு அவருடைய முயற்சியில் விளைந்தது. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டின் பயனாக 'தமிழ்99' விசைப்பலகையும், 'டாம்', 'டாப்' என்னும் குறியேற்றங்களும் தமிழ்நாட்டரசின் தரமாயின. உலகத் தமிழ் ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே கலந்துரையாடி 'திஸ்கி' என்னும் குறியேற்றத்தை வகுத்தனர். 2000ஆம் ஆண்டு சிங்கப்பூரில் கூடிய மாநாட்டில் 'உத்தமம்' என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது.

இதற்கிடையே உலக மொழிகள் அனைத்திற்கும் பொதுவான ஒருங்குறி வளர்ந்து வந்தது. 1991இல் வெளியான அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. எனினும் பொதுமக்களின் கணினிகள் அதைக் கையாளத் தொடங்கியது 'விண்டோஸ் 2000' போன்ற இயங்குதளங்கள் வந்த பின்னரே. 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்றது. 2019இல் பழந்தமிழ்ப் பின்னங்களுக்கும் அளவைக் குறிகளுக்கும் துணைப்பகுதி ஒன்றும் ஒருங்குறியில் சேர்ந்தது.

ஆகவே எழுத்துரு மாறினால் செய்தி தொலையும் காலம் நமக்குப் பின்னால் சென்றுவிட்டது. ஆனால் அக்காலத்தில் எழுதப்பட்டவை நம் அலமாரிகளில் அப்படியே உள்ளன. அத்துடன், ஒருங்குறி வந்துவிட்டதால் எல்லாம் தீர்ந்தது என்று எண்ணுவதும் பிழை.

ஆக்கம்: எழுதும்போதே கருதவேண்டியவை

ஒரு மின்னாவணத்தின் ஆயுள் அதை எழுதும் நேரத்திலேயே பெருமளவு முடிவாகிவிடுகிறது. மூன்று செய்திகளை இங்குக் குறிப்பிட விரும்புகிறோம்.

முதலாவது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு வேறாக இருக்கலாம். தமிழ் எண் ஏழும் 'எ' என்னும் எழுத்தும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றே. குறியெண்களோ வேறு வேறு. அவ்வாறே எட்டும் 'அ'கரமும், ஒன்றும் 'க'கரமும். 'கொ' என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். 'க' உடன் ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்த்து எழுதலாம். 'க' உடன் ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். ஒருங்குறி விதிப்படி இவையிரண்டும் நிகரானவை. சில மென்பொருள்கள் இவற்றை ஒன்றெனக் கொண்டு தேடித் தரும். வேறு சில தாரா. 'கௌரவம்' என்று எழுதவேண்டிய இடத்தில் கொம்பையும் ளகரத்தையும் தட்டி 'கெளரவம்' என்று எழுதுவோர் பலர். இவை இரண்டும் ஒருங்குறியிலும் நிகரல்ல. கண் மன்னித்துவிடும், தேடுபொறி மன்னிக்காது. ஆகவே சரியான விசைப்பலகையைக் கற்பிப்பது எழுத்துப்பிழை திருத்துவதற்கு ஒப்பான மொழிப்பணியாகும்.

இரண்டாவது, ஆவணத்தின் தோற்றம் வேறு, கட்டமைப்பு வேறு. தலைப்பை வெறுமனே பெரிய, தடித்த எழுத்தில் அமைத்தால் மனிதர் அதைத் தலைப்பென்று அறிவர். கணினிக்கு அது மற்றுமொரு வரி. சொற்செயலியில் 'தலைப்பு' என்னும் பாணியைத் தேர்ந்து அமைத்தால், பொருளடக்கம் தானே உருவாகும். பார்வைக் குறையுடையோர் பயன்படுத்தும் திரைபடிப்பான் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிச்செல்லும். இடைவெளி விசையைப் பலமுறை தட்டிப் பத்திகளை நகர்த்தாமல் அட்டவணையைப் பயன்படுத்துவதும் இத்தகையதே.

மூன்றாவது, படமாக உள்ள எழுத்து எழுத்தன்று. பயிற்சித்தாளைப் படம்பிடித்துப் புலனக்குழுவில் அனுப்புகிறோம். சுவரொட்டிக்கான செய்தி முழுவதையும் படத்துக்குள் எழுதிவிடுகிறோம். அன்றைய தேவை நிறைவேறிவிடுகிறது. ஆனால் அடுத்த ஆண்டு அதிலுள்ள ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது, திருத்தவும் இயலாது. படத்தை அனுப்புவது குற்றமன்று. அதன் மூல உரையையும் உடன்வைத்திருக்கவேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

செயலாக்கம்: மாற்றமும் மெய்ப்பும்

பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருள்கள் பல உள்ளன. அவற்றை நம்பலாமா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் நம்பலாம், முழுவதும் நம்பலாகாது. காரணத்தைச் சொல்கிறோம்.

பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரக் குறியின் பிற்பகுதிக்குத் தனியிடம் தரப்படவில்லை. ளகர எழுத்தே இரு பணிகளையும் செய்தது. ஆகவே கொம்பு, ஒரு மெய், ளகரம் என்னும் வரிசையைக் காணும் மாற்றி, அது ஔகாரமா, எகரத்தை அடுத்து வந்த ளகரமா என்று தானே முடிவுசெய்ய வேண்டியுள்ளது. 'கௌதமர்' என்பதைக் 'கெளதமர்' என்று விட்டுவிடலாம். 'வெள்ளம்' என்பதை 'வௌ்ளம்' என்று கெடுத்தும் விடலாம். நாங்கள் மீட்ட நாடகங்களிலும் வெள்ளமும் வெள்ளியும் முதற்சுற்றில் இவ்வாறே உருக்குலைந்து வந்தன.

இச்சிக்கல் தமிழுக்குப் புதிதன்று. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவில் நின்றன. ஒரு வடிவத்தைக் கண்டால் அது காலா ரகரமா என்று இடம் நோக்கி, பொருள் நோக்கி, யாப்பு நோக்கி முடிவுசெய்ய வேண்டியவர் பதிப்பாசிரியரே. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல சுவடிகளை ஒப்புநோக்கி இத்தகைய முடிவுகளை எடுத்தார். ஒரு வடிவம் இரு பொருள் தரும் இடத்தில் மொழியறிந்தவரே தீர்ப்புச் சொல்லவேண்டும் என்பது அன்றும் விதி, இன்றும் விதி. மின்னாவணச் செயலாக்கம் கணினியாளர் பணி மட்டுமன்று. தமிழாசிரியர் பணியும் ஆகும் என்று நாங்கள் சொல்வது இதனாலேயே.

அச்சு நூல்களை மின்னுரையாக்கும்போதும் இவ்விதியே பொருந்தும். வருடியால் படம் எடுத்தபின், அதிலுள்ள எழுத்துகளை எழுத்துணரி மென்பொருள் உரையாக மாற்றுகிறது. தெசராக்ட் போன்ற கட்டற்ற எழுத்துணரிகள் தமிழையும் அறியும். தெளிவான புதிய அச்சில் அவை நன்றாகவே பணியாற்றுகின்றன. பழைய நூல்களில் தடுமாறுகின்றன. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் 'ணா, றா, னா' முதலியனவும் 'ணை, லை, ளை, னை' என்பனவும் வேறு வடிவில் இருந்தன; மொத்தம் 13 எழுத்துகள். புதிய வடிவங்களில் மட்டும் பயின்ற எழுத்துணரி பழைய 'லை'யைக் கண்டு மயங்குகிறது. மங்கிய தாளில் புள்ளி மறைந்தால் மெய் உயிர்மெய்யாகிறது. கறை ஒன்று புள்ளியாகிவிட்டால் உயிர்மெய் மெய்யாகிறது.

இதனால் மெய்ப்பு நோக்குவோர் இன்றியமையாதவர். சிங்கப்பூர் தன் விடுதலையின் ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடிய 2015இல், இந்நாட்டுத் தமிழிலக்கிய நூல்களை மின்னிலக்கமாக்கும் தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் தேசிய நூலக வாரியத்தின் துணையுடன் நிறைவேறியது. எழுத்தாளர்களும் அவர்தம் குடும்பத்தாரும் இசைவளித்தனர். தன்னார்வலர் பலர் மெய்ப்பு நோக்கினர். கருவி செய்யும் பணியின் மேல் மனிதக் கண் ஒருமுறையேனும் செல்லவேண்டும் என்பதற்கு அது நம் கண்முன் உள்ள சான்று.

செயலாக்கத்தில் அகரவரிசையும் அடங்கும். ஒருங்குறியில் எழுத்துகளின் குறியெண் வரிசை தமிழ் நெடுங்கணக்கோடு முற்றும் ஒத்ததன்று. அங்கு னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. ழகரம் ளகரத்தின் பின் வருகிறது. ஆகவே மொழி அமைப்பைக் கருதாது குறியெண்படி மட்டும் அடுக்கும் மென்பொருளில் 'மனம்' முன்னும் 'மயில்' பின்னும் வரும். நம் அகராதிகளில் 'மயில்' முன், 'மனம்' பின். மாணவர் பெயர்ப்பட்டியல், சொற்பட்டியல், நூலடைவு ஆகியவற்றைக் கணினியில் அடுக்கும் ஆசிரியர்கள், மொழித் தெரிவில் தமிழ் உள்ளதா என்று ஒருமுறை பார்த்தல் நலம்.

எழுத்தை எண்ணுவதிலும் இவ்வேறுபாடு உண்டு. 'அம்மா' என்னும் சொல்லில் நமக்கு எழுத்துகள் மூன்று. கணினிக்கோ குறியெண்கள் ஐந்து: அகரம், மகரம், புள்ளி, மகரம், கால். எழுத்தெண்ணிக்கை வரம்புடைய போட்டிகளை நடத்துவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

பேணல்: பெயரும் குறிப்பும் படியும்

மீட்ட நாடகங்களை அச்சிட்டு அந்த மகளிடம் கொடுத்தபோது அவர் கேட்ட முதற்கேள்வி: "இது எந்த ஆண்டு நடந்த நாடகம்?" எங்களால் விடை சொல்ல இயலவில்லை. கோப்புகளின் பெயர்கள் ஆங்கிலத்தில் 'நியூ', 'நியூ டூ', 'ஃபைனல்' என்று இருந்தன. ஆண்டில்லை, பள்ளியின் பெயரில்லை, நடித்தோர் பெயரில்லை. உரை மீண்டது, அதன் வரலாறு மீளவில்லை.

ஆவணத்தைப் பற்றிய இத்தகைய குறிப்புகளை மீத்தரவு என்கிறோம். தலைப்பு, ஆக்கியோர், நாள், மொழி, பொருள், உரிமை முதலிய பதினைந்து கூறுகளைக் கொண்ட 'டப்ளின் கோர்' என்னும் தரம் உலக நூலகங்களில் வழங்குகிறது. 1995இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டப்ளின் நகரில் தொடங்கிய முயற்சியின் பயன் அது. பள்ளிக்கு அத்தனையும் வேண்டியதில்லை. ஆவணத்தின் தொடக்கத்தில் யார், எப்போது, எதற்காக, எங்கு என்னும் நான்கு வினாக்களுக்கு நான்கு வரிகளில் விடை எழுதினால் போதும். கோப்பின் பெயரில் ஆண்டு, திங்கள், நாள் என்னும் வரிசையில் எண்களை முதலில் இட்டால், கோப்புகள் தாமே கால வரிசையில் அமைந்துவிடும். 'இறுதி', 'இறுதிக்கும் இறுதி' என்று பெயரிடும் வழக்கத்தை விட்டுவிட்டு, முதற்படி, இரண்டாம்படி என்று எண்ணிட்டு வரலாம்.

அடுத்தது வடிவம். ஒரே நிறுவனத்தின் மென்பொருளில் மட்டும் திறக்கும் கோப்பு, அந்நிறுவனம் உள்ளவரையே வாழும். பொதுத் தரமாக வெளியிடப்பட்ட வடிவங்களை எவர் வேண்டுமாயினும் படிக்கும் மென்பொருளை எழுதலாம். நீண்டகாலப் பேணலுக்கென 2005இல் 'பிடிஎஃப்-ஏ' என்னும் வடிவம் அனைத்துலகத் தரமாக வெளியிடப்பட்டது. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்துவைக்க வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. அந்த ஏழு வட்டுகளின் காலத்தில் இவ்விதி நடைமுறையில் இருந்திருக்குமானால் எங்கள் உழைப்புப் பாதியாகக் குறைந்திருக்கும். எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. பிடிஎஃப் கோப்பு பக்கத்தின் தோற்றத்தைக் காப்பது. அதிலிருந்து தமிழ் உரையைப் படியெடுத்து ஒட்டும்போது கொம்புகள் இடம்மாறி எழுத்துகள் சிதைவதை நீங்களும் கண்டிருப்பீர்கள். ஆகவே பிடிஎஃப் ஒன்றும், ஒருங்குறி உரைக்கோப்பு ஒன்றும் என இரண்டையும் சேர்த்துவைப்பதே பாதுகாப்பு.

இறுதியாகப் படிகள். 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில், சூன் பிறக்கும் இரவில், யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாதவை அன்றோடு மறைந்தன. ஈழத்து எழுத்துகளை மின்னிலக்கமாக்கி எவரும் படிக்கவைக்கும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கியது. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த தமிழ் இலக்கியங்களை உலகுக்குப் பொதுவாக வைத்தது. முன்னர்த் திஸ்கியில் இருந்தவற்றைப் பின்னர் ஒருங்குறிக்கும் மாற்றித் தந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் திரட்டிய நூல்களே 1994இல் சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாயின. இம்மூன்று பணிகளும் நமக்குக் கற்பிப்பவை இரண்டு. ஓரிடத்தில் மட்டும் உள்ள படி, படியே இல்லாததற்கு ஒப்பாகும். பேணுதல் ஒருமுறை செய்து முடிக்கும் வேலையன்று. தலைமுறைதோறும் புதிய வடிவத்திற்கு மாற்றித் தொடரவேண்டிய வேலை. நம் முன்னோர் சுவடி செல்லரிக்குமுன் அதைப் பார்த்துப் புதிய ஓலையில் படியெடுத்தனர். அவ்வாறு படியெடுக்கப்பட்டவையே நமக்கு வந்து சேர்ந்தன.

ஆவணக் காப்பாளர்கள் சொல்லும் எளிய விதி ஒன்றுண்டு: மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேற்றிடத்தில். பள்ளிக் கணினியில் ஒன்று, வெளிவட்டில் ஒன்று, மேகக்கணிமையில் ஒன்று என்று வைத்தால் இவ்விதி நிறைவேறிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை அவற்றைத் திறந்து பார்த்தலும் வேண்டும். திறந்து பார்க்கப்படாத படி, நம்பிக்கை மட்டுமே, காப்பன்று.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கவை

இன்று கணினி பேசுகிறது, மொழிபெயர்க்கிறது, கேட்ட வினாவுக்கு விடை எழுதுகிறது. இவற்றையெல்லாம் அது கற்றுக்கொள்வது மின்னுரைகளிலிருந்தே. நம் எழுத்தாளர்கள் எழுதிய கதைகளும், பள்ளி மலர்களில் மாணவர் எழுதிய கட்டுரைகளும், சிங்கப்பூர் மலேசியத் தமிழுக்கே உரிய சொற்களும், படங்களுக்குள்ளும் பழைய எழுத்துருக்களுக்குள்ளும் அடைபட்டுக் கிடந்தால், அக்கருவிகள் அறியும் தமிழில் நம் தமிழ் இராது. நம் பேரக்குழந்தைகள் அக்கருவிகளிடம் தமிழ் கற்கும் நாளில், தம் தாத்தா பாட்டியின் தமிழை அங்குக் காணமாட்டார்கள்.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் வீட்டு அலமாரியிலும் பள்ளியின் பண்டக அறையிலும் பழைய வட்டுகள் இருக்கும். இவ்வாண்டே அவற்றை எடுத்துப் பாருங்கள். எழுதியவர் நம்மிடையே இருக்கும்போதே, எந்த எழுத்துரு, எந்த ஆண்டு, யார் யாருக்காக எழுதியது என்று அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட ஒரு தாளேனும் இருந்தால் அதை அவ்வட்டுடன் சேர்த்துவையுங்கள். காலம் கடந்தபின் எவ்வளவு திறமையுடையவராலும் அக்குறிப்புகளை மீட்க இயலாது.

மாணவச் செல்வங்களே, நீங்கள் எழுதும் ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பிலும் உங்கள் பெயரையும் நாளையும் எழுதுங்கள். தமிழை ஒருங்குறியில், சரியான குறிகளோடு தட்டச்சு செய்யப் பழகுங்கள். ஒரு பழைய நூலின் பத்துப் பக்கங்களை எழுத்துணரியில் இட்டு, வந்த உரையை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்திப் பாருங்கள். ஒற்றுப் பிழையும் லகர ளகர ழகர வேறுபாடும் அப்போது மனத்தில் பதிவதுபோல் வேறெவ்வகையிலும் பதியா என்பது எங்கள் அனுபவம்.

பள்ளிகளும் தமிழ் அமைப்புகளும் தத்தம் மலர்களையும் மேடை எழுத்துகளையும் திரட்டி, உரியவர்களின் இசைவு பெற்று, பெயரும் குறிப்பும் இட்டு, ஒரு படியைத் தம்மிடத்தும் மறுபடியைப் பொதுநூலகத்திடமும் வைக்க முன்வரவேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன பெட்டிக்கு மீண்டும் வருகிறோம். மீட்கப்பட்ட நான்கு நாடகங்களுள் ஒன்றின் கடைசிப் பக்கத்தில், நாடகத்துக்குத் தொடர்பில்லாத மூன்று வரிகள் இருந்தன. ஒத்திகைக்கு யார் யார் எந்தக் கிழமை வரவேண்டும் என்று ஆசிரியர் தமக்காகக் குறித்துவைத்தவை அவை. அவ்வரிகளில் மகளின் பெயரும் இருந்தது. சிறுமியாக அந்நாடகத்தில் தாம் நடித்ததை அவர் மறந்தே போயிருந்தார். அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு தம் வயதைக் கணக்கிட்டு, நாடகம் நடந்த ஆண்டை அவரே எங்களுக்குச் சொன்னார். எங்கள் பட்டியலில் வெறுமையாக இருந்த அந்தக் கட்டத்தை அன்று நிரப்பினோம்.

மற்ற மூன்று நாடகங்களுக்கு எதிரே அக்கட்டம் இன்னும் வெறுமையாகவே உள்ளது. நம் கையில் இன்று இருக்கும் கோப்புகளுக்கு எதிரே அத்தகைய வெறுமை நேராதிருக்கச் செய்வோம்.